சத்யஜித் ரே எடுத்த சின்னப் படங்கள்

சினிமாக் கொட்டகையில் மெயின் படம் தொடங்கும் முன் அரசாங்கத்தின் நியூஸ் ரீல் ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில்தான் ஜனங்கள் முறுக்கு வாங்குவார்கள், வெளியே போய் பீடி பிடிப்பார்கள், இருட்டில் இடம் தேடுவார்கள். திரையில் அணைக்கட்டு திறக்கப்படும். மந்திரி மாலை வாங்குவார். வெள்ள நிவாரணம் நடக்கும். டாக்குமெண்டரி என்றால் இவ்வளவுதான் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது.

அதே டாக்குமெண்டரியை, அந்த நியூஸ் ரீல்களை எடுத்த அதே பிலிம்ஸ் டிவிஷனுக்காக, உலகம் கொண்டாடிய ஒரு டைரக்டர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்த சத்யஜித் ரேதான் அவர். அவருடைய 36 படங்களில் ஐந்து, டாக்குமெண்டரிகள். இவை தவிர இரண்டு குறும்படங்களும், டெலிவிஷனுக்கென்றே எடுத்த ஒரு சிறு படமும் உண்டு.

இந்த எட்டும் டிக்கெட் விற்று ஓடுவதற்காக எடுத்தவை அல்ல. திரைப்பட விழாக்களிலும், பிலிம் சொசைட்டிகளிலும், டெலிவிஷனிலும் காட்டப்பட்டவை. அவற்றில் ஒன்று 39 ஆண்டுகள் மக்கள் கண்ணில் படாமலே கிடந்தது. பணம் போடுகிறவர் ஒருவர், படம் எடுக்கிறவர் வேறொருவர் என்றால், எடுத்தவர் சொல்ல நினைத்தது என்ன கதி ஆகும்? ரேயின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

அச்சுக்கூடத்து வீடு

சத்யஜித் ரே 1921-ம் ஆண்டு மே 2-ம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி பெரிய எழுத்தாளர், ஓவியர், அச்சுத் தொழிலில் படங்களுக்கு பிளாக் செய்வதில் நாடறிந்த நிபுணர். 1913-ல் ‘சந்தேஷ்’ என்ற குழந்தைகள் பத்திரிகையைத் தொடங்கியவர். கார்பார் ரோடில் வீடும் அச்சுக்கூடமும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

தந்தை சுகுமார் ராய். குழந்தைகளுக்கு அவர் எழுதிய வேடிக்கைப் பாடல்களை வங்காளத்தில் இன்றும் தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் 1923-ல், 35 வயதிலேயே, அவர் காலமாகிவிட்டார். சத்யஜித்துக்கு அப்போது இரண்டரை வயது. தந்தையின் முகமே சரியாக நினைவில் நிற்காத வயது.

சில ஆண்டுகளில் தொழில் நொடித்தது. அச்சுக்கூடமும் வீடும் கைவிட்டுப் போயின. தாயார் சுப்ரபா ஒரே மகனை அழைத்துக்கொண்டு தம்முடைய சகோதரர் வீட்டில் ஒண்டினார். விதவைகள் கல்வி பெறும் ஒரு பள்ளியில் தையல் வேலை கற்றுக் கொடுத்துச் சம்பாதித்தார். அந்த வருமானத்தில்தான் மகன் வளர்ந்தார்.

பாலிகஞ்ச் அரசாங்கப் பள்ளியில் படித்து மெட்ரிகுலேஷன் தேறிய சத்யஜித், பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்றார். மேலே படிக்க அவருக்கு விருப்பமில்லை. தாயாரின் வற்புறுத்தலுக்காக 1940-ல் தாகூரின் சாந்திநிகேதனுக்குப் போய் ஓவியம் கற்கச் சேர்ந்தார். அவர் அங்கே இருந்தபோதுதான், 1941 ஆகஸ்ட் 7-ம் தேதி, தாகூர் மறைந்தார்.

சாந்திநிகேதனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் இருவர். ஒருவர் நந்தலால் போஸ். மற்றவர் வினோத் பிஹாரி முகர்ஜி. இந்த இரண்டாமவருக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணிலும் பார்வை மிகக் குறைவு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டே சுவர் சுவராக ஓவியம் தீட்டியவர். மாணவர் அவரை மறக்கவில்லை என்பது பின்னால் தெரிய வந்தது.

எண்பது ரூபாய்ச் சம்பளம்

கல்கத்தாவில் ஜப்பானியர் குண்டு விழுந்த சமயத்தில், 1942 டிசம்பரில், ரே படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். 1943 ஏப்ரலில் டி.ஜே. கீமர் என்ற ஆங்கிலேய விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் ரூ.80. பிஸ்கட்டுக்கும் டீக்கும் சோப்புக்கும் விளம்பரம் வரைகிற வேலை. ஓய்வு நேரத்தில் சிக்னெட் பிரஸ் வெளியிட்ட புத்தகங்களுக்கு அட்டைப் படம் வரைந்தார்.

விளம்பர வேலையில் யாரோ ஒருவர் பொருளுக்கு, யாரோ ஒருவர் பணத்தில், குறித்த தேதிக்குள், குறித்த அளவுக்குள் படம் வரைந்து கொடுக்க வேண்டும். பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர் ரே. கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்துக்கொண்டே தன் கைநேர்த்தியைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று அவர் கற்றது அங்கேதான்.

1947-ல் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். கொட்டகைகளில் வராத வெளிநாட்டுப் படங்களை வரவழைத்து, சின்ன அறையில் போட்டுப் பார்த்து விவாதிப்பார்கள். 1949-ல் பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் ‘ரிவர்’ படம் எடுக்கக் கல்கத்தா வந்தபோது, இடம் தேட உடன் சென்று உதவினார். அதே ஆண்டு விஜயாவை மணந்தார்.

1950-ல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. ஐந்து மாதத்தில் நூறு படம் வரை பார்த்துத் தீர்த்தார். இத்தாலியப் படமான ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அவரை உலுக்கியது. ஸ்டுடியோ வேண்டாம், பெரிய நட்சத்திரங்கள் வேண்டாம், தெருவில் போகிறவரை வைத்தே படம் எடுக்கலாம் என்ற துணிவு பிறந்தது. திரும்பி வந்த கப்பலிலேயே ‘பதேர் பாஞ்சாலி’க்குக் காட்சிகளை வரையத் தொடங்கிவிட்டார்.

இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரி 24-ம் தேதி பம்பாயில் தொடங்கியது. அதை நடத்தியது பிலிம்ஸ் டிவிஷன். விழா பின்னர் சென்னை, டில்லி, கல்கத்தாவுக்கும் சென்றது. சுமார் 40 முழுநீளப் படங்களும் சுமார் 100 குறும்படங்களும் அதில் காட்டப்பட்டன. எண்ணிக்கையில் சின்னப் படங்களே முன்னால் நின்றன. கல்கத்தாவில் விழாப் படங்களை ஆவலோடு பார்த்தவர்களில் ரேயும் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமைப் படப்பிடிப்பு

அந்த ஆண்டு அக்டோபர் 27-ம் தேதி ‘பதேர் பாஞ்சாலி’ படப்பிடிப்பு தொடங்கியது. ரே இன்னும் கீமரில் சம்பளக்காரர்தான். விடுமுறை நாளில்தான் காமிராவைத் தூக்க முடியும். காமிராமேன் சுப்ரத மித்ராவுக்கு வயது 22. அதற்கு முன் சினிமாக் காமிராவைத் தொட்டதில்லை.

வெள்ளை வெளேரென்று நாணல் பூத்த வயலில் அண்ணன் தம்பி இல்லை, அக்கா தம்பி இருவரும் ரயில் பார்க்க ஓடி வருகிற காட்சி. பாதி எடுத்துவிட்டு, மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கப் போனார்கள். பூவை முழுதும் மாடு மேய்ந்துவிட்டிருந்தது. மீண்டும் பூக்கிற பருவம் வரும்வரை காத்திருந்து, மறு ஆண்டுதான் மீதியை எடுத்தார்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கினார். வைத்திருந்த புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. அப்படியும் போதாமல் படப்பிடிப்பு மாதக் கணக்கில் நின்றது. கடைசியில் முதல் மந்திரி பி.சி. ராயின் மேற்கு வங்காள அரசாங்கம் கை கொடுத்தது. ‘பதேர் பாஞ்சாலி’ என்றால் பாதையின் பாட்டு என்று பொருள். பெயரில் பாதை இருந்ததால், பணம் சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பட்டது!

பணம் கொடுத்த தரப்பிலிருந்து, படத்தின் சோகமான முடிவை மாற்றலாமே என்று யோசனை வந்தது. ரே இணங்கவில்லை. குடும்பம் ஊரைவிட்டு வண்டி ஏறுவதோடுதான் படம் முடிந்தது. 1955-ல் அது கல்கத்தாவில் வெளியாயிற்று. 1956-ல் கான் திரைப்பட விழாவில் மனித வாழ்வைச் சிறப்பாகக் காட்டிய படம் என்று பரிசு பெற்றது. அதன் பிறகுதான் ரே சம்பள வேலையை விட்டார்.

தாகூர் நூற்றாண்டு

1959-ல் நாட்டிலுள்ள பிலிம் சொசைட்டிகள் ஒன்றுகூடி ஒரு சம்மேளனம் அமைத்தன. ரே அதன் தலைவர். சென்னையில் வாழ்ந்த அம்மு சுவாமிநாதன் உபதலைவர்களில் ஒருவர். அந்த ஆண்டுகளில் ரே குடியிருந்தது லேக் டெம்பிள் ரோடில். கல்கத்தாத் தமிழர்கள் காய்கறிக்கும் காப்பிப் பொடிக்கும் போகிற லேக் மார்க்கெட் அங்கிருந்து கூப்பிடு தூரம். 

1961-ல் தாகூரின் நூற்றாண்டு விழா. கவியைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்கும் பொறுப்பைப் பிரதமர் நேருவின் அரசாங்கம் ரேயிடம் ஒப்படைத்தது. பிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்பு.

இது எளிய வேலை அல்ல. எண்பது ஆண்டு வாழ்க்கை. அதை ஒரு மணிக்குள் சொல்ல வேண்டும். இளமைக் காலத்துக்குச் சலனப்படமே கிடையாது. பழைய போட்டோக்கள், கையெழுத்துப் பிரதிகள், ஓவியங்கள் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்தார். குழந்தைப் பருவத்துக்குச் சிறுவர்களை நடிக்க வைத்தார். படம் தாகூரின் இறுதி ஊர்வலத்தோடு தொடங்கும். கல்கத்தா வீதியில் கடல்போல் ஜனம். அங்கிருந்து பின்னோக்கிப் போய், பிறப்பிலிருந்து கதை நடக்கும். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் கவி ‘சர்’ பட்டத்தைத் துறந்ததும் வரும். வர்ணனையை ரே தம்முடைய சொந்தக் குரலிலேயே ஆங்கிலத்தில் பேசினார்.

54 நிமிஷம் ஓடும் அந்தப் படத்துக்கு, மூன்று முழுநீளப் படங்களுக்கு ஆகிற உழைப்பு ஆயிற்று என்று ரே பிற்பாடு கணக்குச் சொன்னார். டாக்குமெண்டரிக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் லொகார்னோ திரைப்பட விழாவிலும் பரிசு பெற்றது. அரசாங்கப் படம் என்றால் எழுந்து வெளியே போகிற படம் என்ற பேச்சுக்கு அது ஒரு பதில்.

வார்த்தை இல்லாத படம்

1964-ல் எஸ்ஸோ என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி, அந்நாட்டு டெலிவிஷனில் காட்டுவதற்காக ஒரு குறும்படம் கேட்டது. ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசினால் நன்றாக இராது என்று நினைத்த ரே, பேச்சே இல்லாமல் படம் எடுத்துவிட்டார். பெயர் ‘டூ’, அதாவது இரண்டு பேர்.

மாடி வீட்டில் ஒரு பணக்காரப் பையன். அறை நிறைய விலை உயர்ந்த பொம்மைகள். ஜன்னலுக்கு வெளியே குடிசைப் பையன் புல்லாங்குழல் ஊதுகிறான். மாடிப் பையன் தன் ஊதுகுழலை எடுத்து அதைவிடப் பலமாக ஊதுகிறான். குடிசைப் பையன் மேளம் தட்டினால், இவன் சாவி கொடுத்த பொம்மையைத் தட்ட விடுகிறான். அவன் பட்டம் விடுகிறான். இவனுக்கு அதற்கு ஈடாக எதுவும் இல்லை. துப்பாக்கியால் பட்டத்தைச் சுட்டு வீழ்த்துகிறான். கடைசியில் அத்தனை பொம்மைகளின் சத்தத்துக்கு நடுவே, வெளியிலிருந்து புல்லாங்குழல் மீண்டும் கேட்கிறது. மாடிப் பையன் தலை குனிந்து உட்கார்ந்துவிடுகிறான்.

பதினைந்து நிமிஷத்துக்கும் குறைவு. எழுத்து வாசனை இல்லாதவருக்கும் புரியும். எந்த மொழிக்காரர் பார்த்தாலும் தம் தெருவிலேயே நடந்தது போலத் தோன்றும்.

மறு ஆண்டு, 1965 ஜனவரியில், டில்லியில் நடந்த மூன்றாவது சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு ரே நடுவர் குழுத் தலைவராக இருந்தார்.

அரண்மனைக்கு எடுத்த படம்

அடுத்து வந்தது ஓர் அரசர் வேலை. சிக்கிம் அப்போது இந்தியாவின் பாதுகாப்பில் இருந்த தனி ராஜ்யம். அதை ஆண்ட சோக்யால் பால்டன் தோண்டுப் நம்கியாலும், அமெரிக்காவில் பிறந்த ராணி ஹோப் குக்கும், தங்கள் நாட்டைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுத்துத் தருமாறு ரேயைக் கேட்டார்கள். பனிமலையும் புத்த மடங்களும் திருவிழாக்களும் உலகுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

ரே மலையைக் காட்டினார், மடங்களைக் காட்டினார், சந்தையையும், வெவ்வேறு இன மக்களையும் காட்டினார். கூடவே இன்னொன்றையும் காட்டினார். அரண்மனையில் விருந்து நடக்கிறது. பின்புறத்தில் ஏழைகள் எச்சில் சோற்றுக்கு முட்டி மோதுகிறார்கள்.

அரண்மனைக்கு இது பிடிக்கவில்லை. வெட்டச் சொன்னார்கள். பணம் அவர்களுடையது, படமும் அவர்களுடையது. கல்கத்தாவில் ஒரு முதல் மந்திரியின் அரசாங்கத்திடம் ரே பிடித்த பிடி, காங்டாக்கில் செல்லவில்லை. சில பகுதிகள் வெட்டப்பட்டு 1971-ல் படம் முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட அளவு.

1975 மே மாதத்தில் சிக்கிம் இந்தியாவின் மாநிலமாயிற்று. மன்னராட்சி ஒழிந்தது. சிக்கிமைத் தனி நாடாகக் காட்டுகிற படம் என்பதால் இந்திய அரசாங்கம் அதைத் தடை செய்தது. முதலில் அரசருக்கு ஆகாத படம், பிறகு அரசரை அகற்றியவர்களுக்கும் ஆகாத படமாயிற்று. சோக்யால் 1982-ல் காலமானார். படம் யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று.

கண் இழந்த ஓவியர்

சாந்திநிகேதன் ஆசிரியர் வினோத் பிஹாரிக்கு 1957-ல் கண் ஆபரேஷன் நடந்தது. அது பலிக்கவில்லை. இருந்த கொஞ்சம் பார்வையும் போயிற்று. ஓவியருக்குக் கண் போனால் வாழ்க்கை முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. காகிதத்தைக் கையால் தடவி வெட்டி ஒட்டினார், கோடு வரைந்தார், உருவங்கள் செய்தார், சாந்திநிகேதன் சுவர் ஒன்றில் ஓடுகளால் பெரிய சித்திரமும் அமைத்தார்.

பழைய மாணவர் காமிராவுடன் வந்தார். பிலிம்ஸ் டிவிஷனுக்காக 1972-ல் ரே எடுத்த ‘இன்னர் ஐ’ என்ற அந்தப் படம் 20 நிமிஷம்தான். பரிதாபம் காட்டி அழ வைக்கிற வேலை அதில் இல்லை. ஒரு மனிதர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து வேலை செய்கிறார், விரல்கள் இடம் தேடி நகர்கின்றன, அவ்வளவே. பார்க்கிறவர் தாமாக நிமிர்ந்து உட்காருவார். தகவல் படங்களுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

பாலாவும் கடற்கரையும்

தமிழர்களுக்கு ரே தந்த படம் ‘பாலா’. பரத நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றியது. வீணை தனம்மாளின் பேத்தியான பாலசரஸ்வதி ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். கோயிலையும் இசையையும் நம்பி வாழ்ந்த குலங்களைச் சமூகம் ஒதுக்கித் தள்ளிய காலத்தில், தம் பரம்பரைக் கலையை விடாமல் காத்தவர்.

1935-ல் அவர் கல்கத்தாவில் ஆடியபோது பார்த்தவர்களில் 14 வயதுச் சிறுவன் சத்யஜித்தும் ஒருவன். அந்த ஆட்டம் மனதைவிட்டு அகலவில்லை. பெரிய டைரக்டர் ஆன பிறகு, 1966 வாக்கிலேயே அவரைப் படமாக்க நினைத்தார். கைகூடவில்லை. பத்து ஆண்டு கழித்து, பம்பாயிலுள்ள தேசிய நிகழ்கலை மையமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து பணம் தர, 1976-ல்தான் படம் முடிந்தது. பாலசரஸ்வதிக்கு அப்போது 58 வயது.

33 நிமிஷப் படம். வர்ணனை ரேயின் குரல். வீட்டில் சாதாரணமாக நடமாடும் பாலா வருகிறார். பிறகு கடற்கரையில் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வுக்கு அபிநயம் பிடிக்கிறார். அலை புரளுகிறது, காற்றில் சேலை பறக்கிறது, காற்றோடு போராடிக்கொண்டே கண்ணனைக் கூப்பிடுகிறார். கடற்கரையில் ஆட வைத்திருக்க வேண்டுமா என்று நாட்டிய ரசிகர்கள் சிலர் குறைப்பட்டது உண்டு. ஆனால் முடிவில் ஒரு முழு வர்ணம் ஆடும்போது, ரேயின் காமிரா வித்தை எதுவும் காட்டாமல் எதிரில் அமைதியாக உட்கார்ந்துவிடுகிறது. 

இளமையில் எடுத்திருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும் என்ற ஆதங்கம் ரேக்கே இருந்தது. பாலசரஸ்வதி 1984-ல் மறைந்தார். அவர் ஆடிப் பார்த்திராத தலைமுறைக்கு இன்று கைக்கெட்டுகிற முக்கியமான சாட்சி, காலம் கடந்து எடுத்த அந்த 33 நிமிஷம்தான்.

கர்நாடக சங்கீதத்தின் மேல் ரேக்கு இருந்த மதிப்புக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1969-ல் வந்த ‘கூப்பி காயேன் பாகா பாயேன்’ படத்தில் பேய்கள் ஆடும் புகழ் பெற்ற நடனத்துக்கு மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகிய தாள வாத்தியங்களையே பயன்படுத்தினார்.

டெலிவிஷன் படங்கள்

1980-ல் பிரெஞ்சு டெலிவிஷனுக்காக ‘பிக்கூ’ என்ற 26 நிமிஷப் படம் எடுத்தார். ஒரு சிறுவனின் ஒரு நாள். தாயிடம் வந்துபோகும் ஒருவர், பையனைத் தோட்டத்துக்கு அனுப்ப, பூக்களைப் பார்த்துப் படம் வரையச் சொல்லி வர்ணப் பேனாக்கள் கொடுக்கிறார். வெள்ளைப் பூவுக்கு வெள்ளை வர்ணம் இல்லையே என்று பையன் கீழே நின்று கேட்கிறான். மாடியிலிருந்து பதில் வரவில்லை. கறுப்பால் வரைந்துகொள்கிறான். அந்த நேரத்தில் உள்ளே தாத்தா இறந்து கிடக்கிறார்.

1981-ல் தூர்தர்ஷனுக்காக ‘சத்கதி’. பிரேம்சந்தின் ஹிந்திக் கதை. ஓம் பூரி, ஸ்மிதா பாட்டீல், மோகன் அகாஷே நடித்தார்கள். மகளின் நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிப் பண்டிதர் வீட்டுக்குப் போகிறார் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த துக்கி. பண்டிதர் கூலியில்லாமல் விறகு பிளக்க வைக்கிறார். காய்ச்சலில் எழுந்து வந்த உடம்பு, வயிற்றில் ஒன்றுமில்லை, பிளக்க முடியாத கட்டை. அதன் பக்கத்திலேயே விழுந்து சாகிறார். பிணத்தைத் தொட ஆள் இல்லை. பண்டிதர் காலில் கயிற்றைச் சுருக்கிட்டு, தாமே ஊருக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகிறார்.

அரசாங்கமே நடத்தும் டெலிவிஷனுக்கு, ரே இதைக் கொஞ்சமும் மெழுகாமல் எடுத்துக் கொடுத்தார். ஒரு மணிக்கும் குறைந்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கயிற்றை மறப்பதில்லை.

தந்தைக்கு ஒரு படம்

1983-ல் ‘கரே பைரே’ படப்பிடிப்பின் நடுவே ரேக்கு மாரடைப்பு வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருதய ஆபரேஷன் நடந்தது. வெளியில் போய்ப் படம் எடுக்கக் கூடாது என்று டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள்.

அந்த ஓய்வு ஆண்டுகளில் அவர் எடுத்தது ஒரு சின்னப் படம்: ‘சுகுமார் ராய்’. 1987-ல் தந்தையின் நூற்றாண்டு. மேற்கு வங்காள அரசுக்காக எடுத்த அரை மணி நேர டாக்குமெண்டரி. சௌமித்ர சட்டர்ஜி வர்ணனை பேசினார். தந்தையின் போட்டோக்கள், அவர் வரைந்த வேடிக்கைப் படங்கள், அவருடைய நாடகங்களிலிருந்து நடித்துக் காட்டிய காட்சிகள், இவைதாம் படம். நினைவில் நிற்காத தந்தையை, 66 வயது மகன், மிச்சமிருந்த காகிதங்களிலிருந்து சேர்த்தெடுத்தார். ரே எடுத்த டாக்குமெண்டரிகளில் அதுவே கடைசி.

1992 மார்ச் 30-ம் தேதி நடந்த ஆஸ்கார் விழாவில் அவருக்குக் கௌரவ விருது வழங்கப்பட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே அதைப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு பாரத ரத்னா பட்டமும் வந்தது. ஏப்ரல் 23-ம் தேதி காலமானார்.

ஒரே ஒரு காட்சி

சிக்கிம் படத்தின் கதை அவரோடு முடியவில்லை. படத்தின் உரிமை 2000-ம் ஆண்டில் சிக்கிமிலுள்ள ஒரு கலை, பண்பாட்டு டிரஸ்டுக்குப் போயிற்று. வெளிநாட்டில் பிழைத்திருந்த பிரதியைக் கொண்டு படம் சீர் செய்யப்பட்டது. 2010-ல் இந்திய அரசாங்கம் தடையை நீக்கியது.

அந்த ஆண்டு நவம்பரில் கல்கத்தாத் திரைப்பட விழா. ‘சிக்கிம்’ காட்டப்படும் என்று அறிவிப்பு வந்தது. இடம் நந்தன். 1985-ல் அந்தத் திரையரங்கைத் திறந்து வைத்தவரே ரேதான். அதன் பெயர் எழுத்தை வரைந்து கொடுத்தவரும் அவரே. படம் காட்டப்பட்டது. மலைமேல் கம்பியில் எதிரும் புதிருமாக நகர்ந்து வரும் இரண்டு தொங்கு பெட்டிகளோடு தொடங்கும் அந்தப் படத்தை, எடுத்தவர் இறந்து 18 ஆண்டுகள் கழித்து, அவர் ஊர் ஜனங்கள் பார்த்தார்கள்.

ஒரு காட்சிதான். உரிமை சம்பந்தமாக சிக்கிமில் கோர்ட்டு தடையுத்தரவு பிறப்பித்தது. விழாவில் வைத்திருந்த மற்றக் காட்சிகள் ரத்தாயின.

அரசர் வெட்டினார், அரசாங்கம் தடுத்தது, கோர்ட்டு நிறுத்தியது. ஆனாலும் விருந்து மாளிகையின் பின்கட்டில் நடந்ததை ஒருவர் பார்த்துப் படமெடுத்தார் என்ற செய்தி அழியவில்லை. நந்தனில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் அதற்குச் சாட்சி.

டாக்குமெண்டரிகளுக்கும் குறும்படங்களுக்கும் என்றே தனி விழாக்கள் பின்னாளில் வந்துவிட்டன. பம்பாயில் 1990 முதலும், திருவனந்தபுரத்தில் 2008 முதலும் அவை நடந்து வருகின்றன. முன்பு கொட்டகையில் முறுக்கு வாங்க எழுந்து போன அதே ஜனங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே வரிசையில் நின்று இடம் பிடித்துச் சின்னப் படங்களைப் பார்க்கிறார்கள்.

ரூ.80 சம்பளத்தில் தொடங்கியவர் ரே. கடைசிவரை அவர் எடுத்த சின்னப் படங்களில் பெரும்பாலானவை பிறர் பணத்தில், பிறர் கேட்டதற்காக எடுத்தவை. சொன்ன வேலையை முடித்துக் கொடுத்தார். அதற்குள்ளேயே தாம் கண்டதையும் வைத்துக் கொடுத்தார். ஊர் ஊராகப் பிழைக்கப் போய், பிறர் ஆபீஸில் பிறர் கணக்கை எழுதுகிறவர்களுக்கு, அந்த வேலையின் அருமை மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கும்.